சமாதி: உறக்கமா, சாவா?

சமாதி என்னும் ஒரு சொல்லுக்கு நம் நாட்டில் இரு பொருள் வழங்குகின்றன. யோக நூலார்க்கு அது எட்டாம் படி. உள்ளம் ஒன்றிலே ஒடுங்கி அசைவற்று நிற்கும் நிலை. ஊர் மக்களுக்கோ அது பிணம் புதைத்த இடம். உயிரோடிருப்பவன் அடையும் அமைதிக்கும், உயிர் போனவன் கிடக்கும் குழிக்கும் ஒரே பெயர் வந்தது எவ்வாறு? தோழர்களே, சொல்லின் வரலாற்றைத் துருவினால் மக்கள் ஏமாந்த வரலாறும் உடன் வெளிப்படும்.

மாண்டூக்கிய உபநிடதம் நனவு, கனவு, ஆழ்துயில் என மூன்று நிலைகளைக் கூறி, அவற்றைக் கடந்த நான்காவது ஒன்றும் உண்டு என்கிறது. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் இரவில் இயல்பாகப் பெறும் உறக்கம், இங்கே வீடுபேற்றின் வாயிற்படியாக்கப்பட்டது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அடயோகப் பிரதீபிகை சவாசனத்தைச் சொல்கிறது. தரையில் பிணம்போல் மல்லாந்து கிடந்தால் களைப்பு நீங்கும், உள்ளம் அமைதியுறும் என்பது அதன் கூற்று. அதில் உண்மை உண்டு, மறுப்பாரில்லை. ஆனால் அதே நூல் அங்கே நில்லாமல், மூச்சை அடக்கியவன் காலனையும் வெல்வான் என்று தாவுகிறது. உடற்பயிற்சி முடிந்து மூடநம்பிக்கை தொடங்கும் இடம் அதுவே.

தமிழிலும் இது வேரூன்றிற்று. திருமந்திரத்தின் ஏழாம் தந்திரத்தில் 'சமாதிக் கிரியை' என்றே ஒரு பகுதி உண்டு. ஞானியின் உடலை எரிக்கலாகாது, குழியில் அமர்த்திப் புதைத்தல் வேண்டும், எரித்தால் நாட்டுக்கே கேடு என்று அது விதிக்கிறது. அமர்ந்த கோலத்தில் புதைக்கப்பட்டவர் இறக்கவில்லை, தவத்தில் இருக்கிறார் என்று எண்ணுவதற்கு அடுத்த தலைமுறைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? குழி மேடையாயிற்று; மேடை கோயிலாயிற்று; கோயிலுக்கு உண்டியலும் வந்தது.

மல்லசமுத்திரத்திற்கு வடக்கே கஞ்சமலை நிற்கிறது. அதன் அடிவாரத்தில் சித்தர் கோயில். அங்குள்ள மூலிகையை உண்டு முதியவர் ஒருவர் இளைஞரானார் என்பது கதை. அமாவாசைதோறும் மக்கள் திரள்கின்றனர். மலையின் மெய்யான செல்வம் இரும்புத்தாது. அதை ஆய்ந்தறிந்தவர் சிலர். மூலிகையைத் தேடுவோர் பலர்!

வடலூர் இராமலிங்க அடிகளைப் பாருங்கள். சாதியையும் சாத்திரக் குப்பையையும் சாடிய பெரியார் அவர். 1867இல் பசித்தோர்க்குச் சோறிடத் தருமசாலை நிறுவினார். 1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறையுள் புகுந்து தாழிட்டுக்கொண்டார். மீண்டும் அவரை எவரும் கண்டாரில்லை. அந்த மூடிய கதவைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர்! அவர் மூட்டிய அடுப்பைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர்?

சாவை வெல்லும் யோகத்தை அறிவியல் சோதித்தும் பார்த்தது. இதயத்தை நிறுத்துவோம் என்ற யோகியரை வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகிய மூவரும் கருவிகள் கொண்டு ஆராய்ந்து 1961இல் முடிவுகளை வெளியிட்டனர். மூச்சைப் பிடித்து மார்புத் தசைகளை இறுக்கினால் இதயத்திற்குத் திரும்பும் குருதி குறையும், நாடி மெலியும், காதுக்கு இதய ஒலி எட்டாது. ஆனால் மின்பதிவுக் கருவியில் துடிப்பு தொடர்ந்து பதிவாகிக்கொண்டே இருந்தது! நின்றது இதயம் அன்று. கேட்டவர் செவிக்கு ஒலி எட்டாமற் போனதே உண்மை. அதே ஆண்டில் ஆனந்தும் துணைவரும், காற்றுப் புகாத பெட்டியுள் அமர்ந்த ஒரு யோகியை ஆராய்ந்தனர். அவர் உட்கொண்ட உயிர்வளி வழக்கத்தினும் குறைந்திருந்தது. ஆழ்ந்த ஓய்வில் உடலின் தேவை குறையும். அறிவியல் கண்ட உண்மை இவ்வளவே. பின்னாளில் அமெரிக்க மருத்துவர் பென்சன், 'ஒன்று' என்னும் வெறுஞ்சொல்லை அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் ஓய்வு கிட்டும் என்று 1975இல் எழுதினார். மந்திரமும் வேண்டா, தீட்சையும் வேண்டா.

இருந்தும் என்ன? 2019 செப்டம்பரில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு முதியவர், குறித்த இரவில் ஜீவசமாதி அடைவேன் என்று அறிவித்தார். குழி வெட்டப்பட்டது. கூட்டம் கூடியது. குறித்த நேரம் கடந்தது, பொழுதும் விடிந்தது, அவர் உயிரோடிருந்தார். ஒருவர் சாவதைக் கண்டு வணங்க மக்கள் கூடினர் என்பதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா?

ஓய்வை நாம் இகழவில்லை. அது உழைப்பவன் உரிமை என்கிறோம். 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்னும் முழக்கத்தில் எட்டு மணி நேர ஓய்வும் அடங்கியிருந்தது. தறியில் குனிந்த முதுகுக்கும், பருத்தி மூட்டை சுமந்த தோளுக்கும் வேண்டுவது அந்த ஓய்வே. இறந்தவர் குழிக்கு மேடை எழுப்பும் நாடு, வாழ்வோர்க்கு ஓய்வு நேரம் ஒதுக்கட்டும். இளைஞர்களே, அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் பணி!