வெளியே இருப்பது அருளா, உரிமையா?

'பரோல்' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, அப்பாவின் காரியத்துக்கோ தங்கையின் கல்யாணத்துக்கோ சில நாள் வெளியே வந்து திரும்பிப் போகும் கைதிதான். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. தண்டனையில் ஒரு பகுதியைச் சிறையில் கழித்தவரை, மீதிக் காலத்துக்கு நிபந்தனைகளோடு ஊருக்குள் விடுவதுதான் அங்கே பரோல். வேலைக்குப் போகலாம், பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கலாம். ஆனால் அதிகாரியிடம் அவ்வப்போது ஆஜராக வேண்டும்; வீடு மாறினால் சொல்ல வேண்டும். நிபந்தனையை மீறினால் மறுபடி உள்ளே போக வேண்டியதுதான்.

மீறினார் என்பதை யார் தீர்மானிப்பது? அந்தத் தீர்மானம் தவறு என்றால் எங்கே போய் முறையிடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க அங்கே பல பத்தாண்டுகள் ஆயின. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே இருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அரசு கொடுத்த சுதந்திரத்தை அரசே திரும்பப் பறிக்கும்போது 'ஏன்' என்று கேட்க வழி உண்டா என்பது எல்லா ஊருக்கும் பொதுவான கேள்வி அல்லவா?

1935இல் எஸ்கோ எதிர் ஸெர்ப்ஸ்ட் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கார்டோசோ ஒரு கருத்தைச் சொன்னார். நன்னடத்தை விடுதலையை ரத்து செய்யுமுன் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆகவே விசாரியுங்கள். ஆனால் அரசியல் சாசனம் அதைக் கட்டாயமாக்கவில்லை, ஏனென்றால் இந்த விடுதலை ஓர் அருட்கொடை என்றார். கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொண்டால் வாங்கியவர் என்ன வழக்காட முடியும் என்ற எண்ணம் அதன் பிறகு நெடுங்காலம் நீடித்தது.

அதை மாற்றியது அயோவா மாநிலத்து வழக்கு ஒன்று. மோரிஸி என்பவர் 1967இல் போலிக் காசோலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏழு ஆண்டு வரையிலான சிறைத்தண்டனை பெற்றார். 1968 ஜூனில் பரோலில் வந்தார். ஏழு மாதம் கழித்து அதிகாரி அவரைப் பிடித்து உள்ளூர்ச் சிறையில் வைத்தார். வேறு பெயரில் கார் வாங்கினார், கடன் வாங்கினார், இருப்பிடத்தைச் சொல்லவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். ஒரு வாரத்தில் பரோல் வாரியம் அதிகாரியின் அறிக்கையைப் படித்துப் பார்த்து விடுதலையை ரத்து செய்துவிட்டது. வீட்டிலிருந்து சுமார் 100 மைல் தள்ளியிருந்த சிறைக்கு அனுப்பப்பட்டார். 'நீ என்ன சொல்கிறாய்?' என்று கேட்க ஒரு விசாரணைகூட நடக்கவில்லை.

அவர் தொடுத்த ஆட்கொணர்வு மனு கீழ் நீதிமன்றங்களில் தோற்றது. 1972 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர். அருளா உரிமையா என்று பெயர் சூட்டிப் பார்ப்பதில் இனிப் பயனில்லை. வெளியே வாழும் மனிதன் இழப்பது பெரிது, அதுதான் முக்கியம் என்பது தீர்ப்பின் சாரம். குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும். சான்றுகளைக் காட்ட வேண்டும். அவரும் பேசவும் சாட்சி கொண்டுவரவும் இடம் தர வேண்டும். நடுநிலையாளர் விசாரிக்க வேண்டும். முடிவுக்கான காரணத்தை எழுத வேண்டும். மேல்முறையீட்டுக்கு இந்தக் கடைசி விதிதான் உயிர்நாடி. காரணமே எழுதாத உத்தரவில் எதைத் தவறு என்று காட்டுவது?

அடுத்த ஆண்டே, 1973இல், இந்தப் பாதுகாப்பு நன்னடத்தை விடுதலைக்கும் விரிந்தது. ஆனால் எல்லாருக்கும் அரசு வக்கீல் கிடையாது, வழக்கைப் பொறுத்துத்தான் என்று ஒரு தடையும் சேர்ந்தது. 1983இல் ஜார்ஜியா மாநிலத்து வழக்கு வந்தது. 500 டாலர் அபராதமும் 250 டாலர் இழப்பீடும் கட்ட வேண்டியவர், பெற்றோரிடம் கடன் வாங்கி 200 டாலர் கட்டினார். பிறகு வேலை போயிற்று, பாக்கி நின்றது, சிறைக்கு அனுப்பினார்கள். 'கையில் காசு இருந்தா கட்ட மாட்டானா?' என்று நம் வீடுகளில் கேட்கிற கேள்வியைத்தான் உச்ச நீதிமன்றமும் கேட்டது. கட்ட முடியாததற்கும் கட்ட மறுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விசாரிக்காமல் சிறையில் தள்ளக்கூடாது என்றது.

1984இல் வந்த சட்டம், 1987 நவம்பருக்குப் பின் நடந்த மத்திய அரசுக் குற்றங்களுக்குப் பரோலை ஒழித்து, 'கண்காணிப்பு விடுதலை'யைக் கொண்டுவந்தது. இது சிறைத்தண்டனையை முடித்த பிறகு கூடுதலாக வருவது. இங்கே மீறலை நிரூபிக்க 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்ற அளவுகோல் வேண்டாம்; நடந்திருக்க வாய்ப்பே அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். ஜூரியும் கிடையாது. இப்படிப்பட்ட முடிவின் பேரில் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை என்று கட்டாயப்படுத்திய ஒரு பிரிவை, 2019இல் ஹேமண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. 2025 ஜூனில் எஸ்டெராஸ் வழக்கில், விடுதலையை ரத்து செய்யும்போது பழைய குற்றத்துக்குப் பழிவாங்கும் நோக்கை நீதிபதி கணக்கில் எடுக்கக்கூடாது என்று 7-2 என்ற கணக்கில் கூறியது.

சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதையும் இதில் உண்டு. மிசௌரியில் 1992இல் பரோல் ரத்தான ஒருவர் அதை எதிர்த்து 1993இல் மனுப் போட்டார். மனு நிலுவையில் இருக்கும்போதே தண்டனைக் காலம் முடிந்துவிட்டது. இனித் தீர்க்க ஒன்றுமில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. 1998இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. உள்ளே இருந்த நாட்கள் மட்டும் அவர் கணக்கில் போயின. மத்திய நீதிமன்றங்களில் மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாள்தான் கெடு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், காலம் எவ்வளவு பெரிய எதிரி என்பது விளங்கும்.

நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டமும் இதே பிரச்சினையைத் தொட்டது. நிபந்தனையை முதல்முறை மீறியவருக்கு, சிறைக்குப் பதிலாக 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தந்தது. மீறல்கள் எல்லாம் ஒரே எடை அல்ல என்ற புரிதல் அதில் இருக்கிறது.

மோரிஸி தவறே செய்யாதவர் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கேட்டது தன் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பு மட்டுமே. அது கிடைக்க அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அது முதல் வாசலிலேயே கிடைக்கிறது என்றால், அந்த மேல்முறையீடு வீண்போகவில்லை.