பழைய பிக்கப் வண்டியில் வாஷர் தண்ணி வரலையா? மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

முன்னால் போகும் லாரி சேற்றை வாரி அடிக்கிறது. வைப்பரைப் போட்டால் கண்ணாடி முழுக்க சேறு இழுபடுகிறது. வாஷரை அழுத்தினால் தண்ணீர் வரவில்லை. 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். 5 விநாடி கண்ணாடி மறைத்தாலே 80 மீட்டருக்கு மேல் ரோடு தெரியாமல் போகிறீர்கள் என்று அர்த்தம். சின்ன ரிப்பேர்தானே என்று தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் காதைக் கொடுங்க

இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து வாஷரை அழுத்துங்கள். பானெட் பக்கம் 'உய்ங்'னு மோட்டார் சத்தம் கேட்குதா, இல்லையா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

சத்தம் வருது, தண்ணி வரலையா?

* டேங்க்கில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். பக்கத்திலேயே கூலன்ட் டேங்க்கும் இருக்கலாம், மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.
* மோட்டாரில் இருந்து நாசில் வரை டியூபைத் தடவிப் பாருங்கள். பழைய வண்டியில் டியூப் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது பானெட் மடங்கும் இடத்தில் கழன்றிருக்கும்.
* நாசில் பக்கம் டியூபைக் கழற்றிவிட்டு வாஷரை அழுத்துங்கள். தண்ணீர் பீய்ச்சினால் அடைப்பு நாசிலில்தான். மெல்லிய ஊசியால் குத்தி எடுக்கலாம். உப்பு படிந்திருந்தால் வினிகரில் ஊற வையுங்கள்.
* அங்கேயும் வரவில்லை என்றால் டேங்க்கின் அடியைக் கவனியுங்கள். மோட்டார் உறிஞ்சும் இடத்தில் உள்ள வலையில் பாசி, அழுக்கு சேர்ந்திருக்கும்.

சத்தமே இல்லையா?

இது கரன்ட் பிரச்னை, அல்லது மோட்டார் பழுது. ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் எது வாஷர் ஃபியூஸ் என்று பார்த்து, உள்ளே கம்பி அறுந்திருந்தால் மாற்றுங்கள். அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றிப் போட்டால் வயரே தீப்பிடிக்கலாம். புது ஃபியூஸும் உடனே போனால் வயர் உரசியிருக்கும், இல்லை மோட்டார் இறுகியிருக்கும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் மோட்டார் கனெக்டரைப் பிடுங்கி, பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். சுத்தம் செய்தும் ஓடவில்லையா? ஒருவரை வாஷரை அழுத்தச் சொல்லி, கனெக்டரின் இரண்டு முனையிலும் 12 வோல்ட் டெஸ்ட் லைட்டை வையுங்கள். லைட் எரிந்தால் கரன்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது. பெரும்பாலான வண்டிகளில் அது டேங்க்கின் ரப்பர் வாஷரில் செருகியிருக்கும். பழசை இழுத்துவிட்டுப் புதுசைச் செருகலாம். லைட் எரியவில்லை என்றால் ஸ்விட்ச், வயர், எர்த் இவற்றில் ஏதோ ஒன்று. அதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

மறுபடி வராமல் இருக்க

உப்புத் தண்ணீரான போர் தண்ணீரை ஊற்ற வேண்டாம். வாஷர் லிக்விட் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் போதும். துணி சோப்புத்தூளைக் கலந்தால் நுரைத்து அடைக்கும். காலி டேங்க்கோடு அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகி எரிந்துவிடும்.

சரியாகும் வரை காய்ந்த கண்ணாடியில் வைப்பர் போடாதீர்கள், கீறல் விழும். வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீரும் துணியும் வைத்துக்கொண்டு, ஓரமாக நிறுத்தித் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.