பழைய தொட்டி மண்ணும் கத்திரி வெயிலும்

காடாம்புலியூரில் எங்கள் அத்தை வீட்டு மாடியில் போன வருடம் கத்திரிச் செடிகள் ஒவ்வொன்றாக வாடிச் செத்தன. "மண்ணைக் கொட்டிடுடா" என்றார் அத்தை. மனசு வரவில்லை. அந்தச் செம்மண்ணை மூட்டை மூட்டையாக மாடிக்குச் சுமந்தவன் நான்தானே!

செத்த செடியின் நோய் மண்ணில் தங்கும் என்ற பயம் நியாயமானதுதான். 1930-களில் லண்டன் அருகே மெர்டனில், ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பிரிமுலா நாற்றுகள் செத்துக்கொண்டே இருந்தன. வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெல்லும் மண்ணை நீராவியில் வேகவைத்து (இட்லி மாதிரி!), அதன்பிறகே தொட்டிக் கலவை தயாரித்தார்கள்.

நீராவிக்கு நாம் எங்கே போவது? வழி 1976-ல் இஸ்ரேலிலிருந்து வந்தது. பாலிதீன் மூடிய மண் வெயிலில் கொதிப்பதை ஜோர்டான் பள்ளத்தாக்கு விவசாயிகள் கவனித்திருந்தார்கள். யாக்கோவ் கட்டான் குழுவினர் அதையே சோதித்துப் பார்த்தார்கள். ஈர மண்ணை வெயில் காலத்தில் பாலிதீனால் மூடிவைத்ததில், கத்திரி, தக்காளியைத் தாக்கும் வாடல் நோய்ப் பூஞ்சைகள் வெகுவாகக் குறைந்தன. ஈரம் முக்கியம், காய்ந்த மண்ணில் சூடு சரியாக இறங்காது.

வெயிலுக்கு நம்மூரில் பஞ்சமா? அக்னி நட்சத்திரத்தில் பழைய மண்ணைச் சலித்து, நனைத்து, நிறமில்லாத பாலிதீன் உறையில் மெல்லிசாகப் பரப்பி ஒரு மாதம் மாடியில் போட்டேன். வெயில் நோயைத்தான் கொல்லும், சத்தைத் தராது. அதனால் தொழுவுரம் கலந்தேன். ஆடியில் நட்ட கத்திரி இப்போது பூத்திருக்கிறது. அத்தை இன்னும் நம்பவில்லை, காய்க்கட்டும் என்கிறார்.