கடைக்காரரின் மறுப்பும் வங்கியின் பொறுப்பும்: அட்டைதாரரின் மீட்புரிமைக்கு வேர் எது?

1971 மார்ச்சில் பிரிட்டனில் வெளியான நுகர்வோர் கடன் குழுவின் அறிக்கை, தலைவரின் பெயரால் குரோதர் அறிக்கை என்றே வழங்குகிறது. கடை செய்த தவறுக்கு, அந்தப் பொருளை வாங்கக் கடன் கொடுத்த நிறுவனம் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு அது தந்த விடை அரை நூற்றாண்டாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. விற்பவரும் அவரோடு தொடர்புடைய கடன் நிறுவனமும் பரஸ்பர லாபத்துக்காகக் கூட்டாகத் தொழில் செய்பவர்கள். ஆகவே ஒருவர் பொறுப்பிலிருந்து மற்றவரைப் பிரிக்க முடியாது என்பதே அந்த விடையின் சாரம். 1974 ஜூலை 31 அன்று அரச ஒப்புதல் பெற்ற நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இந்த வாசிப்பின் மீதுதான் நிற்கிறது என்பது பொதுக் கருத்து. பொருள் பழுதாகிப் பணத்தைத் திருப்பித் தரக் கடைக்காரர் மறுத்தால், அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிடும் உரிமைக்கும் இதையே வேராகக் காட்டுகிறார்கள்.

இந்தக் கட்டுரை அதை ஏற்கவில்லை. கூட்டுத்தொழில் வாசிப்பு ஒரு குறிப்பிட்ட காலத்துக் கடை வணிகத்தை நன்றாக விளக்குகிறது. ஆனால் உரிமையின் வேர் அதைவிடப் பழையது: ஒரு கடனைக் கைமாறிப் பெற்றவர், அந்தக் கடனோடு ஒட்டியிருந்த குறைகளையும் சேர்த்தே பெறுகிறார் என்ற கொள்கை அது. இரண்டில் எதை வேராகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து, இன்று இந்தியாவில் ஓர் அட்டைதாரர் எதைக் கேட்கலாம் என்பதும் மாறுகிறது.

குரோதர் குழு கண்முன் கொண்டிருந்த காட்சி முதலில் நினைவில் இருக்க வேண்டும். தவணைக் கடன் நிறுவனத்தின் விண்ணப்பப் படிவங்கள் மரச்சாமான் கடையின் மேசையிலேயே இருக்கும். படிவத்தை நிரப்பித் தருபவர் கடையின் விற்பனையாளர். கடனில்லாமல் விற்பனையும் இல்லை, விற்பனையில்லாமல் கடனும் இல்லை. இந்தக் காட்சிக்குக் கூட்டுத்தொழில் என்ற சொல் சரியாகவே பொருந்துகிறது. விற்பனையாளரோடு வங்கியும் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பு என்று 75-ஆம் பிரிவு சொல்வதும், வங்கி தான் கொடுத்ததை விற்பனையாளரிடமிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்று அதே பிரிவு சேர்ப்பதும் கூட்டாளிகளின் கணக்கு வழக்கைப் போலவே இருக்கின்றன. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்குள்ளும் இருந்தால், அதில் ஒரு பகுதியை மட்டும் அட்டையில் கட்டியிருந்தாலும் முழு இழப்பையும் கோரலாம் என்பதும் அந்தத் தர்க்கத்துக்கு இசைவானதே.

சிக்கல் அட்டைக்கு வரும்போது எழுகிறது. அட்டை வலையமைப்பில் கடைக்கு ஒரு வங்கி, அட்டைதாரருக்கு வேறொரு வங்கி. இடையில் விசா அல்லது மாஸ்டர்கார்டு. வழங்கும் வங்கிக்கு அந்தக் கடையின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. இத்தகைய நான்கு தரப்பு அமைப்பிலும் வங்கிக்கும் கடைக்கும் இடையே சட்டம் கேட்கும் ‘ஏற்பாடு’ இருக்கிறது என்று 2006-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 2007-இல் பிரபுக்கள் அவை, வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்கும் 75-ஆம் பிரிவு பொருந்தும் என்று தீர்த்தது. இரண்டும் நுகர்வோருக்கு நன்மை செய்த தீர்ப்புகள். ஆனால் லண்டன் வங்கியும் அது பெயரே கேள்விப்படாத தொலைதேசக் கடையும் கூட்டாளிகள் என்றால், கூட்டு என்ற சொல்லில் எஞ்சும் பொருள் என்ன? தீர்ப்பு சரியாக இருக்க, அதற்குச் சொல்லப்படும் காரணம் அதைத் தாங்கவில்லை.

இரண்டாவது சான்று அட்லாண்டிக்கின் மறுகரையில் இருக்கிறது. பிரிட்டிஷ் சட்டத்துக்கு மூன்று மாதம் கழித்து, 1974 அக்டோபர் 28 அன்று, அமெரிக்காவில் நியாயமான கடன் பட்டியல் சட்டம் கையெழுத்தானது. அதன்படி, கடைக்காரருக்கு எதிராகத் தனக்குள்ள வாதங்களை அட்டைதாரர் வங்கிக்கு எதிராகவும் எழுப்பலாம். நிபந்தனைகள்: முதலில் கடையோடு நல்லெண்ணத்தோடு தீர்க்க முயன்றிருக்க வேண்டும், தொகை 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், வாங்கிய இடம் அட்டைதாரரின் மாநிலத்திலோ அவர் முகவரியிலிருந்து 100 மைலுக்குள்ளோ இருக்க வேண்டும். கடை வங்கியின் கட்டுப்பாட்டில் இருந்தாலோ, விற்பனை அழைப்பை வங்கியே அஞ்சலில் அனுப்பியிருந்தாலோ தொகை வரம்பும் தூர வரம்பும் விலகும். அதாவது, குரோதர் எதை உரிமையின் அடிப்படை என்றாரோ அந்த நெருங்கிய தொடர்பு அமெரிக்கச் சட்டத்தில் வெறும் விதிவிலக்கு.

இதைவிடக் கனமானது தொகை பற்றிய வரம்பு. அமெரிக்க அட்டைதாரர் அந்தப் பொருளுக்காக இன்னும் கட்டாமல் வைத்திருக்கும் பாக்கி வரைதான் வாதாடலாம். கட்டி முடித்த பணத்தை இந்தப் பிரிவின்கீழ் திருப்பிக் கேட்க முடியாது. வங்கி கூட்டாளி என்றால் முழு இழப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும். பாக்கியோடு பொறுப்பு நிற்கிறது என்றால், சட்டம் வங்கியைக் கடைக்காரரின் கடனைக் கைமாறி வாங்கியவராகத்தான் பார்க்கிறது. கடைக்காரர் நேரில் வந்து பாக்கியைக் கேட்டிருந்தால் ‘பொருள் பழுது, தர மாட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம். அதையே வங்கியிடமும் சொல்லலாம். உரிமையின் அளவு இவ்வளவே.

இந்தக் கொள்கை இந்தியாவுக்குப் புதிதல்ல. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு, 1900-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பெற்ற இன்றைய வடிவில், ஒரு பாக்கியைக் கோரும் உரிமையைக் கைமாறிப் பெறுபவர் அதை மாற்றித் தந்தவருக்கு இருந்த பொறுப்புகளுக்கும் நியாயக் கடப்பாடுகளுக்கும் உட்பட்டே பெறுகிறார் என்கிறது. ஆனால் 137-ஆம் பிரிவு காசோலை, உண்டியல் போன்ற மாற்றுமுறை ஆவணங்களுக்கு விலக்குத் தருகிறது. 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணங்கள் சட்டப்படி, நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து அத்தகைய தாளைப் பெற்றவர் பழைய குறைகளுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அட்டைக் கட்டணம் இந்தக் கவைப்பாதையில் எந்தப் பக்கம் என்பதே இந்தியச் சட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

தாள் என்றாலே பொருளிலிருந்து விடுபட்டது என்று நம் வணிக மரபு எண்ணியதுமில்லை. மேற்கிந்தியத் துறைமுகங்களில் வழங்கிய ஜோக்கமி உண்டி, சரக்கு பத்திரமாகக் கரை சேர்ந்தால் மட்டுமே பணம் தரத்தக்கது. சரக்கு மூழ்கினால் தாளும் மூழ்கும். இதிலிருந்து அட்டைக்கு நேர் வம்சாவளி வரைய நான் முயலவில்லை. பணம் கேட்கும் தாளைச் சரக்கின் கதியோடு கட்டிவைக்கும் சிந்தனை இங்கே வேரூன்றியிருந்தது என்பதற்கு மட்டுமே இதைக் காட்டுகிறேன்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றையும் மறைக்கக் கூடாது. பெட்ரோல் நிலையங்களுக்கான அட்டைகளை வழங்கிவந்த ஓர் ஆங்கில நிறுவனம் 1985-இல் நொடித்தது. பணம் கிடைக்காத நிலையங்கள் அட்டைதாரர்களிடமே கேட்க முடியுமா என்ற வழக்கில், 1986-இல் முதல் நீதிமன்றமும் 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முடியாது என்றன. அட்டையில் கட்டுவது நிபந்தனையற்ற முழுக் கொடுப்பனவு. கடை, அட்டை நிறுவனம், அட்டைதாரர் ஆகியோரிடையே இருப்பவை மூன்று தனித்தனி ஒப்பந்தங்கள் என்பது அந்தப் பகுப்பு. அப்படியானால் கைமாற்றப்பட்ட கடன் என்று எதுவுமே இல்லை. இந்தப் பகுப்பு என் வாசிப்பை உலுக்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கடை திவாலானதா, அட்டை நிறுவனம் திவாலானதா என்ற வேறுபாடு இங்கே முக்கியம். அந்த வழக்கில் யாரும் பெட்ரோலில் குறை சொல்லவில்லை. நட்டத்தை யார் தாங்குவது என்பதே கேள்வி. பொருளில் குறை இருக்கும்போது வங்கி பாக்கியை வசூலிக்கலாமா என்பது அங்கே முடிவுக்கு வரவில்லை.

இனி, நான் அதிக நேரம் செலவிட்ட ஒரு பாடபேதம். 2005 நவம்பர் 21 அன்று ரிசர்வ் வங்கி கடன் அட்டைகள் பற்றிய நெறிமுறையை வெளியிட்டது. தவறான பட்டியல் அனுப்பக் கூடாது. வாடிக்கையாளர் பட்டியலை மறுத்தால் வங்கி விளக்கமும், தேவையென்றால் ஆவணச் சான்றும், அதிகபட்சம் 60 நாளுக்குள் தர வேண்டும். இதைச் சுமுகமாகக் குறைதீர்க்கும் உணர்வோடு செய்ய வேண்டும் என்றது அதன் ஒரு பத்தி. 2022 ஏப்ரல் 21 அன்று வெளியாகி ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறையில் இதே பத்தி மீண்டும் வருகிறது. 60 நாள் 30 ஆகிறது. அறிவுரையாக இருந்த வினைச்சொல் கட்டளையாகிறது. ‘தேவையென்றால்’ என்பது ‘பொருந்துமிடத்தில்’ என்றாகிறது. சுமுக உணர்வு பற்றிய சொற்றொடர் மறைகிறது.

சிறு மாற்றங்கள்தாம். ஆனால் முதல் பாடத்தில் தேவையைத் தீர்மானிப்பது வங்கி. இரண்டாவதில் தாள் இருந்தால் தந்தாக வேண்டும். கடைக்காரர் அனுப்பிய ரசீது, ஒப்படைப்புச் சான்று, பணம் திருப்பும் கொள்கை ஆகியவற்றைப் பார்க்கும் உரிமை இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ‘தவறான பட்டியல்’ என்பது கூட்டல் பிழையை மட்டும் குறிக்குமா, வராத பொருளுக்கும் பழுதான பொருளுக்கும் போட்ட கட்டணத்தையும் குறிக்குமா என்று இரண்டு பாடங்களும் சொல்லவில்லை. இரண்டையும் குறிக்கும் என்பது என் துணிபு. கூட்டல் பிழையை நிரூபிக்க வங்கியின் கணக்கேடே போதும். ஆவணச் சான்று என்ற சொல் கடையிலிருந்து வரும் தாளை எதிர்பார்க்கிறது. எனினும் 2022 நெறிமுறையிலேயே, மோசடி என்று மறுக்கப்பட்ட கட்டணத்துக்கு மட்டும் தகராறு தீரும்வரை கூடுதல் கட்டணம் விதிக்கக் கூடாது என்று தனி விதி இருக்கிறது. மற்றத் தகராறுகளுக்கு அந்தப் பாதுகாப்பு சொல்லப்படவில்லை. இதை என் துணிபுக்கு எதிராக வாசிப்பவரைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை இங்கே துணைக்கு அழைப்பவர்கள் பொருள் மாறிப் படிக்கிறார்கள். மூன்று வேலைநாளுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பதும், பத்து வேலைநாளுக்குள் தற்காலிக வரவு என்பதும் அவர் அனுமதிக்காத பரிவர்த்தனைக்கு உரியவை. தானே விரும்பிப் பொருள் வாங்கி, பின்பு பணம் மறுக்கப்பட்டவருக்கு அவை உதவா. அவருக்கு எஞ்சுவது, கடைக்குப் போன பணத்தை வங்கி திரும்பப் பெற வழிசெய்யும் சார்ஜ்பேக் என்னும் அட்டை வலையமைப்பு விதி. அந்த விதி முதலில் எழுதப்பட்ட ஆண்டை உறுதியாகச் சொல்வதற்கில்லை; விதிப்புத்தகங்கள் நெடுங்காலம் உறுப்பு வங்கிகளுக்குள் மட்டுமே புழங்கின. 2018 முதல் விசா பயன்படுத்தும் தகராறுக் காரண எண்களில் 13.6 என்பது கடை ஒப்புக்கொண்டும் வந்து சேராத வரவு, 13.7 என்பது ரத்துசெய்த அல்லது திருப்பி அனுப்பிய பொருளுக்கு மறுக்கப்பட்ட வரவு. இரண்டாவதில் முதன்மைக் கேள்வி ஒன்றே: திருப்பும் கொள்கை வாங்கும் நேரத்தில் வாங்கியவருக்குத் தெரிவிக்கப்பட்டதா?

இந்தக் கேள்வி நீதிமன்றத்திலும் முன்பே எழுந்தது. 1983-இல் நியூயார்க் நகர சிவில் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், தபால்வழி வாங்கிய மின்னணு வரைபடங்கள் தமக்கு உதவவில்லை என்று ஒருவர் திருப்பி அனுப்பினார். தொகை 175 டாலர். வங்கி முதலில் வரவு வைத்தது. பணம் திருப்புவதில்லை என்பது தன் கொள்கை என்று விற்பனையாளர் பதில் தந்ததும் மீண்டும் பற்று வைத்தது. தீர்ப்பு வங்கியின் பக்கம். கைமாறிய கடன் என்ற வாசிப்பு இந்த முடிவை எளிதில் விளக்குகிறது: பொருளில் குறை இல்லாதபோது விற்பனையாளருக்கு எதிராகவே வாதமில்லை, இல்லாத வாதம் வங்கிக்கு எதிராகவும் இல்லை. கூட்டுத்தொழில் வாசிப்பு இங்கே ஒன்றும் சொல்வதில்லை. மறுப்பு என்பது தானாக ஒரு காரணம் ஆகாது. மறுப்புக்குப் பின்னால் ஒப்பந்த மீறல் இருக்க வேண்டும்.

அந்த மீறலை வரையறுக்கும் விதி இந்தியாவில் இருக்கிறது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, பட்டியலில் சொன்ன காலத்துக்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அப்படியிருக்க, அந்த மறுப்பால் உண்டான பாக்கியை வங்கி வட்டியோடு வசூலிப்பது 132-ஆம் பிரிவின் கொள்கைக்கு முரண் என்றே கருதுகிறேன். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் வங்கிக்கு 30 நாள் அவகாசம் தந்தபின் முறையிடலாம். ஆனால் அங்கே சோதிக்கப்படுவது வங்கியின் சேவைக் குறைபாடு. கடைக்காரரின் மீறல் வங்கியைக் கட்டுப்படுத்துமா என்பதற்கு எழுதப்பட்ட விதி இல்லை.

எனவே முடிவு இது. பிரிட்டனும் அமெரிக்காவும் 1974-இல் இந்த உரிமையைச் சட்டத்தில் எழுதின. இந்தியாவில் நடைமுறை எழுதப்பட்டது, உரிமை எழுதப்படவில்லை. ரிசர்வ் வங்கி தன் அட்டை நெறிமுறையை அடுத்து திருத்தும்போது ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: கடைக்காரருக்கு எதிராக அட்டைதாரருக்குள்ள வாதம், செலுத்தாத பாக்கி அளவுக்கு, வங்கிக்கு எதிராகவும் நிற்கும். அதுவரை வாசகர் செய்யக்கூடியது: கடைக்கு எழுதிய கடிதத்தின் நகலையும், வாங்கியபோது காட்டப்பட்ட திருப்பும் கொள்கையையும் பாதுகாத்து வையுங்கள், வங்கிக்கு எழுதும்போது ‘மறுத்துவிட்டார்கள்’ என்பதோடு நிறுத்தாமல், எந்த வாக்கு மீறப்பட்டது என்று எழுதுங்கள், கடை அனுப்பிய தாள்களை 30 நாளுக்குள் கேளுங்கள்.