சாகாவின் முன்கால்: ஒரு சிறு வரலாறு

நம் நாட்டு மகிழுந்து வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாளிலிருந்து தொடங்குவர். அன்றுதான் டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்த காலத்தில் முதலாவது புரோட்டோன் சாகா வெளியீடு கண்டது. அந்த முதல் வண்டியைத் தேசிய அருங்காட்சியகத்தில் வைத்துப் பெருமைப்பட்டதும் நாம் அறிந்ததே. நானோ அதன் முன்சக்கரத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் நான்கைந்து இரும்புத் துண்டுகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் நின்று பார்த்தால், முப்பது ஆண்டைத் தொட்ட சாகாவும் இஸ்வாராவும் இன்னும் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் செல்வதைக் காணலாம். அவ்வண்டிகள் அந்தத் துண்டுகளை நம்பித்தான் ஓடுகின்றன.

இன்று நாம் சுபாங் ஜெயா என்றழைக்கும் நகரின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சீபீல்டு ரப்பர்த் தோட்டம். எழுபதுகளின் நடுப்பகுதியில் சைம் டார்பி நிறுவனம் அங்கே வீடுகளைக் கட்டத் தொடங்கியது. மரங்கள் சாய்ந்தன, எஸ்.எஸ்.14, எஸ்.எஸ்.15 என்று எண்களால் பெயர் பெற்ற குடியிருப்புகள் எழுந்தன. தோட்டத்தின் பெயரைச் சீபீல்டு தமிழ்ப்பள்ளி இன்றும் சுமந்து நிற்கிறது. இந்நகருக்கு அடுத்திருக்கும் ஷா ஆலாமில்தான் புரோட்டோன் தொழிற்சாலை அமைந்தது. மிதிவண்டியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கும், அதிலிருந்து பழைய சாகாவுக்கும் மாறிய தோட்டக் குடும்பங்கள் எத்தனையோ! வேலை, பள்ளி, சந்தை எல்லாம் தொலைவாகிப்போன நகரில் அந்த வண்டி ஆடம்பரமாக இருக்கவில்லை.

சாகாவுக்கு முந்திய கதையைச் சற்றுப் பார்ப்போம். மலாயா சாலைகளில் ஐம்பது அறுபதுகளில் ஓடிய ஆங்கிலேய வண்டிகளுள் மோரிஸ் மைனர் நம் முன்னோருக்கு நன்கு பழக்கமானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வண்டியின் முன்சக்கரம் திருகு மரை கொண்ட ஒரு செங்குத்துத் தண்டில் திரும்பும். அத்தண்டின் கீழ்முனை ‘டிரனியன்’ எனப்படும் உலோகக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். வண்டியின் முன்பாரம் அந்த மரையின் மீதே இறங்கும். ஆகவே குறித்த மைல்களுக்கு ஒருமுறை அதற்குள் கிரீஸ் ஏற்ற வேண்டும். கிரீஸ் ஏற்றாமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் தண்டு கழன்று, சக்கரம் மடிந்து வண்டி மூக்குக் குப்புற விழும். மைனர் வைத்திருந்தோர் இதனை நன்கறிவர். தொல்லை மிகுந்த அமைப்புதான்; எனினும் கிரீஸ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் எவரோ ஒருவர் குனிந்து சக்கரத்தின் உட்புறத்தைப் பார்த்தார். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியாளர் செவ்ரொலே நிறுவனத்தின் சிறிய மகிழுந்துத் திட்டம் ஒன்றுக்குப் புதியதோர் அமைப்பை வரைந்தார். சுருள் ஸ்பிரிங்கையும் அதிர்வைத் தணிக்கும் அப்சோர்பரையும் ஒரே தூணாக்கி, அத்தூணின் தலையை வண்டியின் உடலோடு பொருத்தி, அடியை ஒரே ஒரு கீழ்க்கையால் பிடித்துக்கொள்வது அவருடைய எண்ணம். அத்திட்டம் 1947இல் கைவிடப்பட்டது. மெக்ஃபர்சன் ஃபோர்டு நிறுவனத்துக்கு மாறினார். 1950ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சிக்கு வந்த ஃபோர்டு கான்சல், செபிர் வண்டிகளில் அவருடைய தூண் இடம்பெற்றது. உறுப்புகள் குறைவு, இடமும் குறைவு, செலவும் குறைவு. முன்சக்கரத்தால் இழுக்கப்படும் சிறிய வண்டிகள் பெருகியபோது, எந்திரத்தைக் குறுக்கே வைக்க இந்த அமைப்பு விட்டுத்தந்த இடம் பெரிதும் உதவிற்று. மிட்சுபிஷியின் லான்சர் பியோரே அத்தகைய வண்டி. 1983ஆம் ஆண்டு மே திங்களில் தொடங்கப்பட்ட புரோட்டோன் நிறுவனத்தில் மிட்சுபிஷிக்கும் பங்கு இருந்தது. லான்சர் பியோரேதான் சாகா ஆனது. இப்படியாக, டெட்ராய்ட்டில் பிறந்த ஓர் எண்ணம் ஜப்பான் வழியாக ஷா ஆலாம் வந்து சேர்ந்தது.

இந்த முன்காலின் அடியில்தான் பட்டறைக்காரர்கள் ‘போல் ஜாயின்ட்’ என்று சொல்லும் பந்து மூட்டு இருக்கிறது. நம் தோள்மூட்டைப் போலவே கிண்ணத்துக்குள் உருண்டை. மைனரைப் போல் வண்டியின் பாரம் இதன் மீது இறங்குவதில்லை. பாரத்தைத் தூண் தாங்கிக்கொள்கிறது. ஆனால் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சக்கரத்தை அதன் இடத்தில் இழுத்துப் பிடிப்பது இந்த மூட்டே. இதற்குக் கிரீஸ் ஏற்ற வேண்டியதில்லை. தொழிற்சாலையிலேயே உள்ளே கிரீஸ் வைத்து, ஒரு ரப்பர் உறையால் மூடிவிடுகின்றனர். கவலை ஒழிந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் கிரீஸ் வேலை ஒழிந்தபோது, குனிந்து பார்க்கும் வழக்கமும் உடன் ஒழிந்தது. உறை கிழிந்தால் மழைநீரும் மணலும் புகுந்து சில மாதங்களில் உருண்டையைத் தின்றுவிடும். குழியில் இறங்கும்போது ‘டக் டக்’ என்று ஒலி எழும். வானொலியின் சத்தத்தில் அது கேட்பதுமில்லை.

என்னுடைய பழைய சாகாவின் இடப்பக்க முன்சக்கரம் ஒரு மழைக்காலத்தில் குழியொன்றில் பலமாக இறங்கியது. சுபாங் ஜெயாவில் நான் வழக்கமாகச் செல்லும் பட்டறையில் வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார் பட்டறைக்காரர். பிறகு, “சார், இது தட்டி எடுக்கிற சாமான் இல்ல. மாத்துற சாமான்,” என்றார். அவர் சொன்ன இந்த வேறுபாடே பழைய வண்டிப் பராமரிப்பின் சாரம் என்பது என் கருத்து. போல் ஜாயின்ட் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். வளைந்துபோன கீழ்க்கையை நெருப்பில் சுட்டு நிமிர்த்துவது, விரிசலுக்குப் பற்றவைப்பது ஆகியவை சிக்கனம் போலத் தோன்றினாலும், சூடுபட்ட இரும்பு தன் உறுதியை இழந்திருக்கக்கூடும். ‘கெடாய் பொத்தோங்’ எனும் பழைய உதிரிப்பாகக் கடையிலிருந்து வளையாத கீழ்க்கை ஒன்றை வாங்குவது அதைவிட மேல். ஆனால் அதிலுள்ள ரப்பர் புஷ்ஷும் போல் ஜாயின்டும் புதியனவாக இருத்தல் வேண்டும்.

அன்று நான் கற்றுக்கொண்ட ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். புதிய புஷ் போட்டபின், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் அதன் ஆணியை இறுக்கிவிடக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் அமர்ந்த பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும். பலர் இதனைச் செய்வதில்லை. பிறகு பொருளின் தரத்தைக் குறை சொல்வர். எல்லாம் முடிந்தபின் சக்கரங்களின் நேர்மையையும் சரிபார்க்க வேண்டும்.

அப்சோர்பரைப் பற்றியும் ஒரு சொல். அக்காலத்து ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் தூணின் தலையிலுள்ள மூடியைத் திருகித் திறந்து, உள்ளுறுப்பை மட்டும் மாற்ற இயன்றது. பழுதுபார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. பின்னர் வந்தவை மூடி முத்திரையிட்டவை. அவற்றில் துளையிட்டு எண்ணெய் ஊற்றி அடைத்துக் குறைந்த விலைக்கு விற்பவர்கள் உள்ளனர், நான் வாங்குவதில்லை. மற்றொன்று: தூணைச் சுற்றியுள்ள ஸ்பிரிங் அழுத்தப்பட்டே இருக்கிறது. அதற்குரிய கருவியின்றித் தலையாணியைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. வீட்டில் முயல வேண்டாம்.

2009ஆம் ஆண்டு அக்டோபரில், 15 ஆண்டைக் கடந்த வண்டிகள் சாலைவரியைப் புதுப்பிக்கும்போது கட்டாயச் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே, சில நாள்களிலேயே அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது; புதிய வண்டிக்கு மாதத் தவணை கட்ட இயலாத குடும்பத்துக்கு அந்த அறிவிப்பு அச்சத்தைத் தந்திருக்கும். எனினும் ‘பழைய வண்டியை ஒழித்தல்’ என்ற பேச்சோடு பிணைக்காமல், முன்காலையும் பிரேக்கையும் மட்டும் குறைந்த கட்டணத்தில் பார்த்துத் தரும் சோதனையாக அதனை அமைத்திருந்தால், அதை நான் வரவேற்றிருப்பேன். 1994இல் தொடங்கப்பட்ட புஸ்பாகோம் நிலையங்களில் வண்டியின் அடிப்பகுதியையும் சோதிப்பார்கள்தான். ஆனால் சொந்த மகிழுந்து அங்கே செல்வது பெரும்பாலும் பெயர் மாற்றத்தின்போது மட்டுமே. ஒரே குடும்பத்திடம் இருபது ஆண்டு இருக்கும் வண்டியை எவரும் பார்க்காமலே போகலாம்.

முதல் தலைமுறைச் சாகாவின் உற்பத்தி 2008இல் நின்றது. அவற்றுள் மிக இளையதும் இன்று பதினைந்து ஆண்டைத் தாண்டிவிட்டது. பெற்றோர்களே, அத்தகைய வண்டி உங்களிடம் இருந்தால் இந்த வார இறுதியில் சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, ஸ்டீரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்புங்கள். வண்டியைத் தூக்க வேண்டாம், அடியில் நுழையவும் வேண்டாம். கைவிளக்கோடு சக்கரத்தின் பின்புறம் எட்டிப் பாருங்கள். கீழ்க்கை சக்கரத்தோடு சேரும் இடத்தில் கறுப்பு ரப்பர் உறை ஒன்று தெரியும். அது முழுமையாக இருக்கிறதா, கிழிந்து கிரீஸ் கசிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மறுபக்கத்தையும் அவ்வாறே பாருங்கள். கிழிந்திருந்தால் திங்கட்கிழமை பள்ளிக்கு வருமுன் பட்டறைக்குச் சென்றுவிடுங்கள்.