ஆத்தாடி யாரைக் கூப்பிடுகிறது?

அலங்காநல்லூர் வாடிவாசலில் சீறி வந்த காளை, திமிலைப் பிடித்தவனைத் தோளுயரம் தூக்கி எறிகிறது. சுற்றியுள்ள மாடிகளிலிருந்து ஒரே குரலாக எழுகிறது, ‘ஆத்தாடி!’ பூச்சந்தையில் மல்லிகை விலையைக் கேட்டவர் வாயிலும் அதுவே வரும். மதுரைச் சீமையின் இந்தச் சொல்லை வியப்பிடைச்சொல் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம். இது ஒருகாலத்தில் தாயைக் கூவி அழைத்த விளி என்றே நான் கருதுகிறேன். பிரித்துப் பார்த்தால் ஆத்தா, அடி என்று இரண்டு சொல். ஆத்தாள் பெற்றவள், ஊர்க் காவல் தெய்வமான மாரியாத்தாளும் அவளே. அபிராமி அந்தாதியும் அம்மனை அப்படியே அழைக்கிறது. ‘அடி’ பெண்ணை விளிப்பது. அதனால்தான் அம்மாவுக்கு அம்மாடி, அப்பாவுக்கு அப்பாடா. ‘ஆத்தாடா’ என்று மேலூரிலோ உசிலம்பட்டியிலோ யாரும் வியப்பதில்லை. ‘அப்பாடி’ இருக்கிறதே என்றால், அது அம்மாடியின் சாயலில் பிறகு வந்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் வலுவான சான்று ‘அடியாத்தி’. அதே இரண்டு சொல்லும் இடம் மாறி நிற்கின்றன. வெறும் ஒலியாக இருந்தால் இப்படி மாற்றிப்போட வராது.

பெற்றவளைப் போய் ‘அடி’ என்பார்களா என்று கேட்கலாம். பதறும்போது மரியாதை நிற்பதில்லை. நம் ஊர் அம்மனையும் நீ, வா என்றுதானே கும்பிடுகிறோம். வலியில் கத்துவது எல்லா மனிதருக்கும் பொது, அதற்கு ஏது வேர் என்பது அடுத்த மறுப்பு. ‘ஐயோ’வைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. சீனரும் ஏறக்குறைய அப்படித்தான் அலறுகிறார்கள். ஐயன் என்ற சொல்லின் விளி அது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஐயோ எமன் பெண்டாட்டி பெயர், வீட்டில் சொல்லாதே என்ற பேச்சை மட்டும் ஏற்க முடியாது. மகாபாரதத்தில் எமன் மனைவி தூமோர்ணை. புறநானூற்று 255ஆம் பாட்டில் கணவன் உடலருகே நிற்பவள் ‘ஐயோ’ என்று அலறத் தயங்குகிறாள். அவள் அஞ்சுவது புலிக்கு. ஆத்தாடியிலோ, வெறும் அலறலா சொல்லா என்ற குழப்பமே இல்லை: ‘டி’ என்ற வால் எந்த அலறலிலும் தானாக முளைக்காது.

பிரெஞ்சுக்காரரின் ‘பார்ப்ளூ’ என்ற வியப்புச் சொல்லும் இப்படித் தெய்வத்தை இழுத்த ஓர் ஆணையின் மிச்சம்தான். கடவுள் மேல் ஆணை என்பதை வெளிப்படையாகச் சொல்ல அஞ்சி, கடவுளைக் குறிக்கும் சொல்லை ஓசையில் ஒத்த, ‘நீலம்’ எனப் பொருள்படும் சொல்லாக மாற்றி மறைத்தார்கள். நம்மவர் ஆத்தாளை மறைக்கவில்லை. வட்டார அகராதி தொகுப்பவர்கள் ஆத்தாடியைத் தனியே ‘வியப்புக்குறிப்பு’ என்று எழுதிவிட்டுப் போகாமல், ‘ஆத்தாள்’ என்ற சொல்லுக்குக் கீழேயே சேர்க்க வேண்டும்.