வயர் யாருடையது? வானூர்ல இருந்து ஒரு பிராட்பேண்ட் வரலாறு

மொபைல் கம்பெனியை மாத்தணும்னா இன்னைக்கு ஒரு எஸ்எம்எஸ்ல ஆரம்பிச்சிடலாம், நம்பர் அப்படியே இருக்கும். அந்த வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரி 20 அன்னைக்கு. ஆனா வீட்டு பிராட்பேண்டை மாத்திப் பாருங்க. புது கம்பெனி ஆள் வரணும், கம்பத்துல ஏறணும், வயர் இழுக்கணும், ஜன்னல் ஓரமா இன்னொரு ஓட்டை போடணும். பழைய வயர் பாட்டுக்குத் தொங்கிக்கிட்டே இருக்கும்.

ஏன் இப்படி? டெக்னாலஜியால முடியாததால இல்ல. இதுக்குப் பின்னாடி 2004-ல எடுத்த ஒரு முடிவு இருக்கு. அதைத்தான் இந்த எபிசோட்ல பார்க்கப்போறோம்.

கதையை வானூர்ல இருந்து தொடங்குறேன். விழுப்புரம் மாவட்டத்துல, புதுச்சேரியை ஒட்டி இருக்கிற தாலுகா அது. ஆரோவில்லோட பெரும்பகுதி அதுக்குள்ளதான் வருது. எனக்கு இந்த ஊர் மேல ஆர்வம் வரக் காரணமே ஒரு எஸ்டிடி கோடு. விழுப்புரத்துக்கு 04146, திண்டிவனத்துக்கு 04147. ஆனா வானூருக்கு 0413, அதாவது புதுச்சேரியோட கோடு. ரேஷன் கார்டு தமிழ்நாடு, லேண்ட்லைன் புதுச்சேரி! அரசாங்கம் போடுற மேப் ஒண்ணு, வயர் போடுற மேப் வேற ஒண்ணு. நம்ம வீட்டுக்கு என்ன ஸ்பீடு வரும்ங்கிறதை எப்பவுமே அந்த ரெண்டாவது மேப்தான் முடிவு பண்ணியிருக்கு.

இந்தியாவுல பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. கொடுத்தது விஎஸ்என்எல். முதல்ல சென்னை மாதிரி சில பெருநகரங்களுக்கு மட்டும்தான். வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். போட்டி கிடையாது. தனியார் கம்பெனிகள் உள்ள வர 1998 நவம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1998-ல வானூருக்குப் பக்கத்துலயே ஒரு முக்கியமான முயற்சி தொடங்குச்சு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமா வெச்சு, சுத்துவட்டார கிராமங்கள்ல தகவல் மையங்களைத் திறந்தது. போன் லைன் சரியா இல்லாத இடத்துல ரேடியோ வழியா தகவல் அனுப்பினாங்க. அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துல இருந்து அலை உயரத்தை எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில அறிவிச்சாங்க. கடலுக்குப் போறதா வேண்டாமான்னு முடிவெடுக்க அது உதவுச்சு. ஊருக்கு நெட் வேணும்ங்கிறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. கடைசி சில கிலோமீட்டர் வயர்தான் சிக்கல்.

இப்ப 2004-க்கு வருவோம். அந்த வருஷம் டிராய் அரசுக்கு ஒரு பரிந்துரை கொடுத்தது. பிஎஸ்என்எல் கிட்ட ஏற்கெனவே கோடிக்கணக்கான வீடுகளுக்குச் செம்புக் கம்பி இருக்கு. அதே கம்பியில மத்த கம்பெனிகளும் வாடகை கொடுத்து பிராட்பேண்ட் தரட்டும்னு சொன்னாங்க. அது நடந்திருந்தா கம்பெனி மாத்துறது எப்படி இருந்திருக்கும்? எக்ஸ்சேஞ்ச் உள்ள ஒரு இணைப்பை எடுத்து இன்னொரு கருவியில சொருகுறது. உங்க வீட்டுக்கு யாரும் ஏணி கொண்டு வந்திருக்க மாட்டாங்க.

2004 அக்டோபர்ல வெளிவந்த பிராட்பேண்ட் பாலிசி அதைக் கட்டாயமாக்கல. விருப்பம் இருந்தா ரெண்டு தரப்பும் பேசி ஒப்பந்தம் போட்டுக்கலாம்னு விட்டுடுச்சு. பொதுப்பணத்துல போட்ட கம்பியை எதுக்குப் போட்டியாளருக்குக் கொடுக்கணும்ங்கிற கேள்வியும் நியாயமானதுதான். ஆனா அந்த பாலிசி வெச்ச இலக்கு என்ன தெரியுமா? 2010-க்குள்ள 2 கோடி பிராட்பேண்ட் இணைப்பு. அந்த வருஷ முடிவுல இருந்தது சுமார் 1.1 கோடி. அப்ப பிராட்பேண்ட்னா 256 கிலோபிட்தான். அந்த அளவுகோல் 2 மெகாபிட்டா ஆனது 2023-ல.

பிரிட்டன் வேற வழியில போச்சு. பிரிட்டிஷ் டெலிகாமோட கம்பியை மத்தவங்களுக்கும் திறந்துவிட்டாங்க. 2006-ல அந்த நெட்வொர்க்கைப் பார்த்துக்க ஓப்பன்ரீச்னு தனிப் பிரிவே வந்தது. 2024 செப்டம்பர்ல இருந்து, புது கம்பெனிகிட்ட சொன்னாலே போதும், பழைய இணைப்பை ரத்து பண்ற வேலையை அவங்களே பார்த்துப்பாங்க.

இங்க என்ன ஆச்சு? 2005-ல பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது. ஏடிஎஸ்எல்ல ஒரு சங்கடம், எக்ஸ்சேஞ்சுல இருந்து தூரம் போகப் போக வேகம் குறையும். எக்ஸ்சேஞ்ச் பக்கத்துல இருக்கிற வீடும், 5 கிலோமீட்டர் தள்ளி வயல் நடுவுல இருக்கிற வீடும் ஒரே பிளான் எடுத்தாலும், கிடைக்கிற லைன் ஒண்ணா இருக்காது. மாத்திக்கலாம்னா அந்தக் கம்பியில வேற யாரும் இல்ல. கடைசியில அந்த இடத்தை நிரப்புனது யாருன்னா, டிவிக்காகக் கேபிள் இழுத்துவெச்சிருந்த நம்ம லோக்கல் ஆபரேட்டர்கள். இன்னைக்கும் சின்ன ஊர்ல கம்பெனிப் பேர் எதுவா இருந்தாலும், கடைசித் துண்டு ஃபைபரை இழுக்குறதும் அறுந்தா ஒட்டுறதும் பெரும்பாலும் அவங்கதான்.

அதனால நெட் மாத்த நினைக்கிறவங்களுக்கு இந்த வரலாறு சொல்றது இதுதான்: விளம்பரத்தைப் பார்க்காதீங்க, வயரைப் பாருங்க. உங்க தெருவுல அதே லைன் வெச்சிருக்கிற வீட்டுல போய், ராத்திரி 9 மணிக்கு எப்படி இருக்குன்னு கேளுங்க. ஏன் ராத்திரி? வீட்டு ஃபைபர்ல பொதுவா ஒரே இழையைப் பிரிச்சு 32 இல்ல 64 வீட்டுக்குக் கொடுப்பாங்க. சுமார் 2.5 கிகாபிட்டை எல்லாரும் பங்கு போடணும். "100 எம்பிபிஎஸ் வரை"ங்கிற வாக்கியத்துல முக்கியமான வார்த்தை அந்த "வரை"தான்.

லைன் போட வர்றவர்கிட்ட ஒளி அளவு எவ்வளவுன்னு கேளுங்க. ஒரு இழையை ரெண்டாப் பிரிச்சாலே ஒளி பாதியாயிடும். மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழ போனா லைன் தடுமாறும், சிவப்பு விளக்கு எரியும். வேகத்தை வைஃபையில அளக்காம, லேன் கேபிள் சொருகி அளந்து பாருங்க. அந்தக் கேபிளுக்குள்ள 8 இழையும் சரியா இருக்கணும். 4 மட்டும் இருந்தா, நீங்க 300 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு கட்டினாலும் 100-ஐத் தாண்டாது. முடிஞ்சா புது லைனை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துட்டு பழையதை ரத்து பண்ணுங்க.

கடைசியா ஒரு விஷயம். 2004-ல தள்ளிவெச்ச யோசனை செத்துப்போகல. 2011-ல அரசு ஒப்புதல் கொடுத்த திட்டம்தான் இன்னைக்கு பாரத்நெட். ஊராட்சி வரைக்கும் அரசே ஃபைபர் போடும், எந்த கம்பெனியும் பாகுபாடில்லாம அதைப் பயன்படுத்தலாம்ங்கிறது அதோட அடிப்படை. தமிழ்நாட்டுல அதோட இலக்கு 12,525 ஊராட்சிகள். ஆனா அந்த ஃபைபர் ஊராட்சி அலுவலகத்தோட நின்னுடும். அங்க இருந்து உங்க வீட்டு வாசல் வரைக்கும் வர்ற வயர் யாருடையதோ, அவர்தான் இன்னும் உங்க ஸ்பீடை முடிவு பண்றார். அந்தக் கடைசித் துண்டும் எல்லாருக்கும் பொதுவாகிற வரைக்கும் நமக்கு ஏணியும் ஓட்டையும்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.